மிச்சம் நாலு மாத்திரை எங்கே?

“ஐயோ... களவு போயிடுச்சு!”

மாரிசெல்வி போட்ட அலறலில் அந்தத் தாராவி சந்தே தையல் மிஷினை நிறுத்தியது.

கணவன் செல்வம் ஓடி வந்தான். “என்ன மாரி? சங்கிலியா?”

“மாத்திரை! டாக்டரம்மா எழுதிக் குடுத்த காய்ச்சல் மாத்திரை!”

ஏழு மாதக் கர்ப்பிணி. நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். நேற்று வாங்கியது ஆறு. அவள் விழுங்கியது இரண்டு. மிச்சம் நாலு...?

வெறும் அட்டைதான் பல்லிளித்தது!

மாரிசெல்வி வயிற்றைத் தடவினாள். உள்ளே பிள்ளை அனலில் கிடக்கிறதே... அவள் பார்வை செல்வத்தின் மேல் குத்திட்டு நின்றது.

“நீங்கதான்! உங்க சித்தி அனுப்புன வீடியோவைப் பாத்துட்டு, ‘இதைத் தின்னா புள்ளைக்கு ஆட்டிசம் வருமாம்’னு பொலம்புனது யாரு?”

“பொலம்புனேன். திருடல! காலிபீலி, சும்மா சும்மா என் மேல பழி போடாத!”

பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவக்கும். சிவக்கவில்லை.

அப்படியானால்... வீட்டில் பாக்கி ஒரே ஆள்!

அந்த நொடி, மேல்தளத்து இரும்பு ஏணியில் தடதடவென்று இறங்கி வந்தாள் மாமியார் பார்வதியம்மாள்.

தடதடவென்றா? மூட்டு வலியில் படிக்கு ஒரு ‘முருகா’ போடுகிற மனுஷியாச்சே!

“அத்தை... மூட்டு வலி எங்க போச்சு?”

பார்வதியம்மாளின் முகம் வெளிறியது.

“கையை விரிங்க!”

மூடிய கை மெல்லத் திறந்தது. உள்ளே... ஒற்றை வெள்ளை மாத்திரை!

“மூணை நான் முழுங்கிட்டேன்ளா...” பொலபொலவென்று அழுதாள். “நீ தின்னுறக் கூடாதுன்னுதான் எடுத்தேன். தூரப் போட மனசு வரல. காசு குடுத்து வாங்குனதுல்லா!”

“அத்தை!”

“கோவண்டில என் மவ ஷாலினி புள்ளை அஞ்சு வயசாகியும் பேசலியே. அவ மாசமா இருக்கையில காய்ச்சலுக்கு மாத்திரை குடுத்தது இந்தக் கைதான். என்னாலதானோன்னு...”

மாரிசெல்வியின் கோபமெல்லாம் வடிந்தது. போனில் மாட்டுங்கா டாக்டர் சாருலதாவை ஸ்பீக்கரில் பிடித்து, வீடியோ முதல் எல்லாவற்றையும் சொன்னாள்.

“அம்மா, மாத்திரையாலதான் வந்ததுன்னு யாரும் நிரூபிக்கலை. ஆராய்ச்சி நடந்துண்டுதான் இருக்கு. உங்களையே நொந்துக்காதீங்கோ. ஆனா காய்ச்சலைச் சும்மா விட்டா, அதுவே குழந்தைக்கு ஆபத்து! நான் எழுதின அளவை உடனே குடுங்கோ. சாயங்காலம் அழைச்சிண்டு வாங்கோ. ஆமா... அந்த வீடியோ அனுப்பின சித்தி டாக்டரா?”

“இல்லம்மா. டோம்பிவிலில இட்லி மாவு விக்கா.”

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு.

பார்வதியம்மாளே தண்ணீர் மோந்து வந்தாள். தன் கையாலேயே மாத்திரையைக் கொடுத்தாள். மாரிசெல்வி விழுங்கினாள்.

போன் அலறியது. டோம்பிவிலிச் சித்தி! பார்வதியம்மாள்தான் எடுத்தாள்.

“யக்கா, புது வீடியோ ஒண்ணு...”

“ஏட்டி! மருந்தை டாக்டரம்மா பாத்துக்கிடுவாவ... நீ மாவு புளிச்சிட்டான்னு பாரு!”