மிகைக்கேட்பு

ரயிலைத் தவறவிடும் அந்தப் பெண் அன்றும் தவறவிட்டாள்.

வடக்கே போகும் அடுத்த வண்டி எப்போது என்று நிங்கின் காதுக்குள் அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். பத்து நாற்பதுக்கு, மூன்றாம் நடைமேடையில் என்று ஓர் ஆண் குரல் பதில் சொன்னது. அவள் நன்றி சொன்னாள். அவ்வளவுதான் உரையாடல். ஒலிப்பதிவில் மொத்தம் பன்னிரண்டு விநாடிகள்.

வகுப்பில் ஐம்பத்து மூன்று பேரின் நெற்றிப்பட்டையிலும் பச்சை விளக்கு எரிந்தது. ஐம்பத்து நான்காவது நெற்றியில் மஞ்சள். அந்த மஞ்சள் ஒளி தன் மேசைமேல் விழுந்து கிடப்பதை லுவோ நிங் பார்த்தாள். எவ்வளவு குனிந்தாலும் அதை மறைக்க முடியவில்லை.

அந்தப் பட்டையின் பெயர் பொருள்மானி. அது வருவதற்கு முன்பு ஆங்கிலத் தேர்வில் கேள்வித்தாள் இருந்தது. நான்கு விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்க வேண்டும். நாடு முழுவதும் மேல்நிலை மாணவர்கள் ஒலிப்பதிவைக் கேட்காமலேயே விடையை மோப்பம் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். நீளமான விடைதான் சரி என்று ஒரு பள்ளி பாடம் நடத்தியது. முதலில் காதில் விழும் எண் எப்போதும் தவறு என்று இன்னொரு பள்ளி. கடைசியில் தேர்வு வாரியம் கேள்வித்தாளையே ஒழித்துவிட்டது. இப்போது யாரும் எதையும் எழுத வேண்டாம். கேட்டால் போதும், படித்தால் போதும். மனத்தில் எழும் பொருளைப் பொருள்மானி அளந்து, நிபுணர்கள் வகுத்துவைத்த பொருளோடு ஒப்பிடும். குறைந்தால் சிவப்பு. பொருந்தினால் பச்சை. கூடினால் மஞ்சள். கூடுவதற்கு மிகைக்கேட்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்கும் மதிப்பெண் வெட்டு உண்டு. தேவையில்லாததைக் கேட்கிறவர் தேவையானதைத் தவறவிடுவார் என்பது வாரியத்தின் வாதம்.

வகுப்பு முடிந்ததும் கெங் லாவ்ஷி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஷிச்சியாவ் ஊரில் ஆசிரியர்களின் குடும்பப்பெயரோடு லாவ்ஷி என்று சேர்த்துத்தான் அழைப்பார்கள். சாமந்திப்பூ மிதக்கும் தேநீர்க் குடுவையை ஓரமாகத் தள்ளிவிட்டு, பொருள்மானி கக்கிய தாளை அவர் விரித்தார்.

"பத்து நாற்பது, சரி. மூணாம் நடைமேடை, சரி. அதுக்குக் கீழே இது என்ன? 'வடக்கே அந்தப் பெண்ணுக்காக யாரும் காத்திருக்கவில்லை.' இதை எங்கே சொன்னாங்க?"

"சொல்லல, லாவ்ஷி."

"பின்னே?"

"வண்டியை விட்டவங்க, வர லேட்டாகும்னு யாருக்காவது தகவல் சொல்லத்தானே முதல்ல பதறுவாங்க? அவங்க பதறவே இல்ல. போன் எங்கே இருக்குன்னுகூடக் கேக்கல."

கெங் லாவ்ஷி கண்ணாடியைக் கழற்றி மூக்கின் மேல்புறத்தைத் தேய்த்துக்கொண்டார். "அவங்கன்னு ஒருத்தர் இல்லம்மா. யாரோ ஒரு அறைக்குள்ள உக்காந்து, தாளைப் பார்த்துப் படிச்சாங்க. படிச்சு முடிச்சுட்டு வீட்டுக்குப் போயிருப்பாங்க."

வீட்டில் யார் இருந்திருப்பார்கள் என்ற கேள்வி நிங்கின் நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"லான்வான் பல்கலைக்கழகத்துக்குக் கேட்டல் மதிப்பெண் எவ்வளவு வேணும்?"

"தொண்ணூத்தஞ்சு."

"உனக்கு எழுபத்தொண்ணு. உனக்கு ஆங்கிலம் வரலைன்னா நான் சொல்லித் தரலாம். இதுக்கு என்ன சொல்லித் தர்றது, சொல்லு. உன் காதை மூடுன்னா சொல்ல முடியும்?"

லான்வான் ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டர் தள்ளிக் கடலோரத்தில் இருந்தது. அங்கே ஒரு குடைத் தொழிற்சாலையில் அவளுடைய அப்பா ஒன்பது ஆண்டுகளாகக் குடைக்கம்பிகளை விரித்து மடக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார். அம்மா வேறொரு மாகாணத்தில் வேறொரு குடும்பத்தோடு இருந்தாள். நிங் எட்டு வயதிலிருந்து விடுதியில். புத்தாண்டு விடுமுறைக்கு அப்பா வருவார். ஆறு நாள் இருப்பார். ஏழாம் நாள் காலை அவருடைய பையின் ஜிப் இழுபடும் சத்தத்தில் அவள் விழித்துக்கொள்வாள். லான்வானில் இடம் கிடைத்துவிட்டால் அப்புறம் அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டியிராது. அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஊர்தான். பல்கலைக்கழகம் அதற்கொரு வழி.

மற்ற நாட்களில் அவளுக்குத் துணை ஒலிப்பதிவில் வரும் இரண்டு பேர்தான். ஓர் ஆண், ஒரு பெண். பத்து ஆண்டுகளாக எல்லாப் பயிற்சிகளிலும் அதே குரல்கள். நூலகத்துக்கு வழி கேட்பார்கள். பல் வைத்தியரிடம் நேரம் வாங்குவார்கள். மழையைப் பற்றி வியப்பார்கள். ஒருபோதும் சண்டை போட்டுக்கொள்ளவோ கல்யாணம் செய்துகொள்ளவோ மாட்டார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது நிங் அவர்களைப் பற்றி யோசிப்பாள். அவள் யோசித்ததெல்லாம் மஞ்சளாக எரிந்தது.

அப்பா ஞாயிறுதோறும் மதியம் கூப்பிடுவார். அவர் பேச்சில் சுருக்கமானவர். நிங்குக்கு அந்தச் சுருக்கமே போதும். சென்ற குளிர்காலத்தில் ஒருநாள், "சாப்பிட்டியா?" என்று கேட்டார். வெயில் நன்றாக இருக்கிறது என்றார். மறுபடி, "சாப்பிட்டியா?" என்றார்.

"எந்தக் கைப்பா?" என்று கேட்டாள் நிங்.

அப்பா சிரித்தார். "இடது கைதான். நடுவிரல் நுனி மட்டும். கம்பி வளைக்கிற மெஷின்ல மாட்டிக்கிச்சு. ஏம்மா, உன்கிட்ட யார் சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க."

"நான் எங்கே சொன்னேன்!"

அந்த வாரம் முழுக்க அவர் தொழிற்சாலையில் எல்லோரிடமும் அதைச் சொல்லி மகிழ்ந்தார்.

தேர்வுக்கு நாற்பது நாள் இருக்கையில் நிங்கைக் கரையேற்ற வந்தவள் பக்கத்துக் கட்டில் ருயி. ஒருநாள்கூட மஞ்சள் காட்டாதவள்.

"அந்தம்மா வண்டியை விட்டா உனக்கென்னடி? நீ என்ன அவளுக்கு மாமியாரா?"

"தானா வருது ருயி. நான் என்ன செய்ய?"

"வரட்டும். உள்ளே விடாதே. நான் எப்படிக் கேப்பேன் தெரியுமா? மூணு பெட்டி. எப்போ, எங்கே, எத்தனை. அதுல விழறதை மட்டும் எடுத்துக்கணும். மிச்சம் கீழே விழுந்தா விழட்டும்."

"பேசறவங்க அழற மாதிரி இருந்தா?"

"அழுகையைப் போட நாலாவது பெட்டி இருக்கா? இல்லல்ல?"

நிங் சிரித்துவிட்டாள். ஆனாலும் செய்துபார்த்தாள். முதல் வாரம் பெட்டிகள் நிற்கவில்லை. இரண்டாம் வாரம் கேட்டலில் எண்பது வந்தது. ஒலிப்பதிவை மட்டும் வைத்துப் பழகினால் போதாது, கேட்கிற எல்லாவற்றையும் அப்படியே கேள் என்றாள் ருயி. நிங் சாப்பாட்டுக்கூடத்துச் சமையல்காரியின் பேச்சை அப்படிக் கேட்டாள். விடுதிக் காப்பாளரின் திட்டை அப்படிக் கேட்டாள். அப்பாவின் அழைப்பையும் பட்டையை மாட்டிக்கொண்டுதான் கேட்டாள். பொருள்மானி எந்த மொழிக்கும் ஒன்றுதான்; நிபுணர்கள் பொருள் வகுக்காத பேச்சை, சொன்ன சொற்களோடு மட்டும் ஒப்பிடும். ஐந்தாம் வாரம் ஒரு காலையில் ரயிலைத் தவறவிடும் பெண் திரும்பவும் வந்தாள். பத்து நாற்பது. மூன்றாம் நடைமேடை. நிங் காத்திருந்தாள். வேறு எதுவும் வரவில்லை. மேசைமேல் பச்சை ஒளி விழுந்தது. யாரோ ஓர் அறையைக் காலி செய்துகொண்டு போனதுபோல் இருந்தது. அதையும் அவள் எந்தப் பெட்டியிலும் போடவில்லை.

ஜூன் மாதத் தேர்வு நாளில், வழக்கம்போல, கேட்டல் தேர்வு நடக்கும் இருபது நிமிடத்துக்கு ஷிச்சியாவ் ஊரே வாயை மூடிக்கொண்டது. பேருந்துகள் நின்ற இடத்தில் நின்றன. சந்தையில் தராசைக் கீழே வைத்தார்கள். கட்டட வேலைக்காரர்கள் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு சாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்குப் பின்னால் வாத்து வளர்ப்பவர் முந்தின நாளே வாத்துகளை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். அறுபதாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, இல்லாத ஒரு பெண் தன் குடையை நூலகத்தில் மறந்துவிட்டதாக நிங்கிடம் சொன்னாள். இரண்டாம் தளம், ஜன்னலோர மேசை, நீல நிறம்.

கேட்டல்: நூற்றுக்கு நூறு. மிகைக்கேட்பு: சுழியம்.

கெங் லாவ்ஷி அவள் பெயரைப் பள்ளி வாயிலில் சிவப்புப் பதாகையில் எழுதித் தொங்கவிட்டார்.

ஆகஸ்ட் கடைசியில், லான்வானுக்கு ரயிலேற மூன்று நாள் இருக்கையில், அப்பா கூப்பிட்டார். அன்று ஞாயிறு இல்லை, செவ்வாய்.

"சாப்பிட்டியா, நிங்நிங்?"

"சாப்பிட்டேன்ப்பா."

"இங்கே வெயில் நல்லா இருக்கு. குடோன்ல குடையெல்லாம் அப்படி அப்படியே கிடக்கு."

"சரிப்பா."

"ரூம்ல இப்போ கூட்டமே இல்ல. எந்தக் கட்டில்ல வேணாலும் படுக்கலாம்." அப்பா தொண்டையைச் செருமினார். "நான் ஒரு தடிக் கோட்டு வாங்கியிருக்கேன். நல்ல கனம். உள்ளே பஞ்சு வெச்சது."

"சரிப்பா."

"சாப்பிட்டியா?"

"இப்போதானே சொன்னேன். சாப்பிட்டேன்."

"ஆமா, ஆமா. சொன்னே." அவர் சிரித்தார். "ஸ்டேஷன்ல இறங்கினதும் எட்டாம் நம்பர் பஸ். மூணாவது கேட். ஷாவ்னு ஒருத்தர் காவலுக்கு இருப்பார். ரூம் சாவி அவர்கிட்ட இருக்கும்."

"எட்டு. மூணு. ஷாவ்."

"நான் சொன்னதெல்லாம் உனக்குப் புரிஞ்சுதில்ல?"

"முழுசாப் புரிஞ்சுதுப்பா."

மறுமுனையில் நாலைந்து விநாடி எதுவும் இல்லை. எங்கோ தொலைவில் கனமான ஊதல் ஒன்று நீளமாக ஒலித்தது. "அது போதும்மா," என்றார் அப்பா. "வெச்சுடறேன்."

பழக்கத்தில் இன்னும் மாட்டியிருந்த பட்டையில், நிங்கின் நெற்றியில் பச்சை எரிந்தது.

ரயிலில் அவளோடு ஐந்து பேர், எல்லோரும் லான்வானுக்குப் படிக்கப் போகிறவர்கள். பெயர், துறை, இறங்கும் நேரம் ஆகியவற்றைச் சொல்லிக்கொண்டார்கள். எல்லோரும் எல்லோரையும் ஒரே தடவையில் சரியாகக் கேட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பேச ஒன்றும் இருக்கவில்லை. மேல் படுக்கையில் ஒரு பெண் சுவர்ப்பக்கம் திரும்பி நெடுநேரம் அழுதாள். அவள் அழுகிறாள் என்பது ஐந்து பேருக்கும் தெரிந்தது.

எட்டாம் எண் பேருந்து. குடைத் தொழிற்சாலையின் மூன்றாவது வாயில். அதில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. சங்கிலிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த கிழவர் அவளைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

"லுவோவோட பொண்ணுதானே? வா, வா. அந்த நெத்தியைப் பார்த்தாலே தெரியுது. அப்படியே அவன் நெத்தி." பையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். "நேத்து சாயங்காலம்தான் கப்பல் கிளம்பிச்சு. நான்தான் துறைமுகம் வரைக்கும் போய் ஏத்திவிட்டேன்."

"எந்தக் கப்பல்?"

ஷாவ் நடப்பதை நிறுத்தினார். "ஆழ்கடல் மீன்பிடிக் கப்பல்தான். தெற்குக் குளிர்க்கடல். ரெண்டு வருஷம். ஜூலையில கம்பெனியை மூடிட்டாங்க, வேறே என்ன பண்ணுவான், பாவம்? நடுக்கடல்ல போன் எடுக்காது. அதான் உன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டதாச் சொன்னானே."

"சொல்லல," என்றாள் நிங்.

"சொன்னானேம்மா! இதோ இங்கே, இந்த முக்காலியில உக்காந்துதான் பேசினான். துறைமுகம் பக்கந்தானே, ஊதல் சத்தம்கூடக் கேட்டிருக்குமே. நான்தான் ஏசினேன். நேராச் சொல்லுடா, குடையும் கட்டிலும் கோட்டும்னு என்னடா பேச்சுன்னு. அவன் கேக்கல. என் பொண்ணுக்குக் கோடு காட்டினாப் போதும், விரல் போனதையே போன்ல கேட்டுக் கண்டுபிடிச்சவன்னு ஒரே பெருமை." கிழவர் குரலைத் தாழ்த்தினார். "ஒப்பந்தத்தாள் அப்போ அவன் கையிலதான் இருந்துச்சு. கையெழுத்து போடல. அவ ஒரு வார்த்தை வேணாம்னா கிழிச்சுப் போட்டுடறேன், இந்த ஊர்லயே ஏதாவது கிடைக்கிற வேலை பார்த்துக்கறேன்னான். பேசி முடிச்சு வெச்சதும் கண்ணைத் துடைச்சுக்கிட்டான். 'முழுசாப் புரிஞ்சுதுன்னு சொன்னா, ஷாவ். அழக்கூட இல்ல. எவ்வளவு தைரியம் பாரு'ன்னான். அப்புறம்தான் கையெழுத்து போட்டான்."

நிங் சாவிக்காகக் கையை நீட்டினாள்.

அறையில் எட்டு இரும்புக் கட்டில்கள் இருந்தன. ஏழில் மெத்தை இல்லை. எட்டாவதில் சுத்தமாக மடித்த போர்வையும், அதன்மேல் ஒரு புதுக் குடையும் இருந்தன. ஜன்னல் வழியாக மதிய வெயில் நன்றாகவே அடித்தது.

அவள் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து, பையிலிருந்து பொருள்மானியை எடுத்து நெற்றியில் மாட்டிக்கொண்டாள். கேட்ட பேச்சையெல்லாம் பயிற்சிக்காக அது சேமித்துவைத்திருக்கும். செவ்வாய்க்கிழமை அழைப்பைத் தேடி ஓடவிட்டாள்.

சாப்பிட்டியா, நிங்நிங்?

எட்டு, மூணு, ஷாவ். பச்சை.

மறுபடி ஓடவிட்டாள். குடோனில் குடைகள் கிடந்தன. கட்டில்கள் காலியாக இருந்தன. ஆகஸ்ட் வெயிலில் ஒரு மனிதர் பஞ்சு வைத்த கோட்டு வாங்கினார். அவை ஒவ்வொன்றும் என்ன என்று இப்போது அவளுக்குத் தெரியும், ஷாவ் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தக் குரலிலிருந்து அது வரவில்லை. குரல் வந்து பெட்டிகளில் விழுந்து நின்றது. ‘அது போதும்மா’ என்ற சொல்லுக்கு முன்னால் இருந்த நாலைந்து விநாடியைப் பொருள்மானி ‘உள்ளடக்கம் இல்லை’ என்று குறித்திருந்தது.

எதிரே ஜன்னல் கண்ணாடியில் அவளுடைய நெற்றியும் அதில் எரியும் பச்சைப் புள்ளியும் தெரிந்தன. அவள் கண்ணை அதிலிருந்து எடுக்காமல் திரும்பவும் முதலிலிருந்து ஓடவிட்டாள், மஞ்சள் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு.