ஒரு சாண் இடைவெளி

பிளாஸ்டிக் ஷீட்டின் உள்பக்கம் நனைந்திருந்தது.

வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள். நாள்கணக்கில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. ஆனால் கோழிக்கூண்டைச் சுற்றி அவள் தன் கையாலேயே இழுத்து ஆணியடித்த ஷீட்டின் உள்ளேதான் நீர் முத்து முத்தாகக் கோத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, கோடாக வழிந்து, புதிதாகப் போட்ட மரத்தூளைச் சேறாக்கிக்கொண்டிருந்தது. தகரக் கூரையில் ஓட்டை இல்லை. ஏறிப் பார்த்துவிட்டாள்.

போன குளிர்காலத்திலும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஈரம் ஏறி, சளி பிடித்து, ஒவ்வொரு கோழியாகத் தலை சாய்ந்தது. கடைசிக் கோழியை மகள் தன் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு தூங்கினாள். காலையில் அது விறைத்துக் கிடந்தது. குழந்தை மறுபடி சிரிப்பதற்குள் பெற்றவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. இந்த முறை ஒன்றுகூடச் சாகாது என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

லாரியோடு எங்கோ வெள்ளத்தில் மாட்டிக்கொண்டிருந்த கணவனை போனில் பிடித்தாள்.

“மேல ஒரு சாண் விட்டுத்தானே அடிச்ச?”

“கூரை வரைக்கும் இழுத்து அடிச்சிட்டேன்.”

“அடைச்சிட்டியா? அடிப்பாவி! அதுங்க விடுற மூச்சு எங்க போகும்? அதான் தண்ணியா வழியுது. மொதல்ல கிழிச்சு விடு.”

“கைப்பிடி அளவு கோழிங்க. இவ்ளோ மூச்சா விடும்?”

லைன் அறுந்துவிட்டது.

அவளுக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. சாரலுக்குப் பயந்து கூண்டை அடைத்தவள், மகளுக்கு இருமல் என்று அவள் அறை ஜன்னலையும் சந்து பொந்து இல்லாமல் டேப் போட்டு ஒட்டியிருந்தாள். “வெளிய வராதே” என்று மகளிடம் சொல்லிவிட்டு, காய் நறுக்கும் கத்தியோடு பின்கதவைத் திறந்துபோட்டுவிட்டு இறங்கினாள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே கூண்டு இரண்டுபடும். இன்று தகரத்தில் மழை விழும் சத்தம் மட்டும்தான். “பா... பா... பா...” என்று கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. பக்கத்தில் போகப் போக ஒரு வாடை வந்தது. கோழி எச்சத்தின் வாடை அல்ல, நெடுநேரம் தூங்கி எழுந்த வாயின் வாடை. ஷீட்டில் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

ஷீட் மெல்லப் புடைத்தது. நின்றது. உள்ளே ஒடுங்கியது.

காற்றுதான் என்று நினைத்தாள். பக்கத்துத் துணிக்கொடியில் ஒரு சட்டைகூட அசையவில்லை.

மறுபடி புடைத்தது.

ஓடிவிடலாம் என்று கால் துடித்தது. அப்போதுதான் மூலையில் கண்டாள். கோழிகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, ஷீட்டோடு ஒட்டி, அலகைப் பிளந்துகொண்டு கிடந்தன. உயிர் இருந்தது. கொடுத்த வாக்கும் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கத்தியைக் குத்தி இழுத்தாள்.

நீளமான ஒரு பெருமூச்சு. சூடாக. அவள் முகத்தில் பட்டது. முடியைப் பின்னால் தள்ளியது. அவளைத் தாண்டிப் போனது.

ஷீட் தொய்ந்து விழுந்தது. கோழிகள் சிறகை உதறிக்கொண்டு ஊரையே கூட்டுவதுபோல் கத்தின. ஒன்றுகூடச் சாகவில்லை. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“பொழைச்சீங்களா, சனியன்களா!”

பின்னால் கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

ஓடினாள். தள்ளினாள். தோளால் இடித்தாள். திறக்கவில்லை. சுவரோரமாக மகளின் ஜன்னலுக்கு ஓடினாள். டேப்பை நகத்தால் பிராண்டினாள். அது உள்பக்கம் ஒட்டியது. அவளே ஒட்டியது.

கண்ணாடி முழுக்கப் புகைமூட்டமாக இருந்தது, உள்ளே. நீர் கோடாக வழிந்தது. ஒரு சின்னக் கை அதில் வட்டமாகத் துடைத்தது. மகளின் முகம் தெரிந்தது.

“அம்மா, கோழிங்க நல்லா இருக்கா?”

கேட்டுவிட்டு மகள் வாயை மூடிக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள். அவள் தலைக்கு மேலே, ஜன்னலின் உச்சியில், கண்ணாடி மெல்லத் தெளிந்தது. பனித்தது. தெளிந்தது. இன்னும் கொஞ்சம் கீழே பனித்தது.