ஏரிச் சேற்றில் ஒரு சங்கராச் செதில்

2012-ஆம் வருடம், ஆடி மாதத்து ஒரு காலை. ஒரகடம் கூட்டுரோட்டில் டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த அலுவலகத்துக்கு, தெர்மகோல் பெட்டி ஒன்றை அணைத்தபடி ஜாஸ்மின் வந்து சேர்ந்தாள்.

கோமதிநாயகம் நாற்காலியைக் காட்டினார். இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தொழிற்சாலை விபத்துகளை விசாரித்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்றபின் தனியாகத் துப்பறிகிறார். உதவியாளர் சுகப்பிரியா செல்போன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அவரிடம் சேர்ந்தவள். பெட்டியைக் கண்டதுமே அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"நான் மண் ஆராய்ச்சி செய்றேன் சார்," என்றாள் ஜாஸ்மின். "வடக்குப்பட்டு ஏரியோட கீழ்க்கோடியில தண்ணி வத்தாத ஒரு சதுப்பு இருக்கு. கோரை செத்து விழுந்து, மக்காம, சேறாவே அடுக்கடுக்காப் படிஞ்சிருக்கு. பீட்னு சொல்வோம். அதுக்குள்ள அத்தனை கார்பன். சதுப்பைத் தூர்த்தாலோ காயவிட்டாலோ எல்லாம் புகையாக் காத்துல கலந்துடும்."

"தூர்க்கப் போறாங்களா?"

"லாரி நிறுத்துற இடமாக்க தசரதன்னு ஒரு கான்ட்ராக்டர் கேக்கறார். வெள்ளிக்கிழமை அதிகாரிகள் கூட்டம். என் ரிப்போர்ட்டைத்தான் நம்பியிருந்தேன். சென்னை லேப்ல இருந்து நேத்து பதில் வந்தது. கார்பன் இல்லவே இல்லையாம். வெறும் வயக்காட்டு மண்ணாம்! என் கையால எடுத்த மண் சார் அது. கறுப்பா, வெண்ணெய் மாதிரி இருந்தது. யாரோ மாத்திட்டாங்க."

லேப் திருப்பி அனுப்பிய, பிரிக்காத குழாய் ஒன்று பெட்டியில் இருந்தது. முழ நீள பிளாஸ்டிக் குழாய், இருமுனையிலும் மூடி, பக்கத்தில் எண் எழுதிய ஸ்டிக்கர், அம்புக்குறி. செய்தித்தாளை விரித்து ஜாஸ்மின் மண்ணைத் தள்ளினாள். பழுப்பு மண் உதிர்ந்தது. ஒரு முனையில் பொடிப்பொடியாகப் புல்வேர்.

"இந்த அம்புக்குறி எதுக்கு?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"தரையோட மேல்பக்கம் எதுன்னு காட்ட." சொல்லிவிட்டுத்தான் ஜாஸ்மின் கவனித்தாள். "ஐயோ, வேர் கீழ்முனையில இருக்கே!"

ஸ்டிக்கரின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. கோமதிநாயகம் அதை மெல்ல உரித்தார். பசையில் இளஞ்சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

"மீன் செதில்," என்றாள் சுகப்பிரியா. "ஏரிதானே சார், மீன் இருக்கத்தான் செய்யும்."

"ஏரியில கெண்டை இருக்கும், விரால் இருக்கும். இது சங்கரா. கடல் மீனு," என்றார் அவர்.

குழாய்கள் எங்கே இருந்தன என்று விசாரித்தார். வெப்பம் பட்டால் கார்பன் குறைந்துவிடும் என்பதால், வடக்குப்பட்டில் கோவிந்தம்மா நடத்தும் மெஸ்ஸின் பின்னறை ஃப்ரீசரில் ஜாஸ்மின் அவற்றை வைத்திருந்தாள். காலிக் குழாய்களும் அங்கேதான். மெஸ் கட்டடம் தசரதனுக்குச் சொந்தம். குழாய்களைச் சென்னைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவன் அவளுடைய உதவி ஆராய்ச்சியாளன் பகலவன்.

"தசரதன்தான் சார். சந்தேகமே இல்ல!" என்றாள் சுகப்பிரியா.

"போய்ப் பார்ப்போம்."

ஷேர் ஆட்டோவில் போய் இறங்கியபோது மெஸ்ஸில் மதியக் கூட்டம் கலைந்திருந்தது. கோவிந்தம்மா வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும், கணீரென்ற குரல்.

"வா ஜாஸ்மினு. இன்னா, மூஞ்சி வாடிக் கீது? அந்தச் சென்னை ரிசல்ட்டு வந்துச்சா? கரி இல்லன்னுதானே வந்துச்சு?"

"ஆமாக்கா," என்றாள் ஜாஸ்மின் சோர்வாக.

"வுடும்மா. ஏரி ஏரியாவே இருந்துட்டுப் போவட்டும்."

கோமதிநாயகம் ஒரு கணம் நின்று அவளைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

உள்ளே பகலவன் கண்கள் சிவந்து உட்கார்ந்திருந்தான். "நாலு மாச உழைப்பு சார். நானே கெடுப்பேனா?" என்றான். வாடகை விஷயமாக வந்திருந்த தசரதன் சிரித்தார். "இந்தம்மா ஏரியில கொக்கு எண்றாங்கன்னுல்ல நெனச்சிகினு இருந்தேன்! மண்ணுல இன்னா சார் இருக்கப் போவுது?"

சுகப்பிரியா அவரை முறைத்தாள். கோமதிநாயகம் எல்லோரையும் உட்காரச் சொன்னார். கோவிந்தம்மாவும் கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

"மண்ணை மாத்தினவங்களுக்கு அம்புக்குறி என்னன்னு தெரியாது. குழாயைத் தலைகீழா நிரப்பியிருக்காங்க," என்று அவர் ஆரம்பித்தார். "பகலவன் இதே வேலையைத் தினமும் செய்றவர். பொய் மண்ணையும் அவர் சரியாத்தான் நிரப்பியிருப்பார். அடுத்து, ஸ்டிக்கரை ஏரிக்கரையில வச்சே ஜாஸ்மின் ஒட்டினாங்க. அங்க கடல் மீன் செதில் வர வழியில்ல. ஆக, பழைய குழாயிலிருந்து ஸ்டிக்கரை உரிச்சுப் புதுசுல ஒட்டினப்போ, அந்தக் கையில மீன் இருந்திருக்கு."

தசரதன் தன் வெள்ளைச் சட்டைக் கையைப் பார்த்துக்கொண்டார்.

"இவர் மீன் ஆயுற ஆள் இல்ல," என்றார் கோமதிநாயகம். "ஆனா ஃப்ரீசர்ல மீன் எடுக்க யார் வேணும்னாலும் கை விட்டிருக்கலாம். செதில் மட்டும் போதாது. எனக்கு வழி காட்டினது ஒரு வார்த்தை. ரிசல்ட்டு நேத்துதான் வந்தது. எங்களையும் பகலவனையும் தவிர யார்கிட்டயும் ஜாஸ்மின் சொல்லல. பகலவன் சொல்லியிருந்தா, 'ரிசல்ட்டு வந்துச்சா'ன்னே இந்தம்மா கேட்டிருக்க மாட்டாங்க. ஆனா இந்தம்மா பார்த்த உடனே, 'கரி இல்லன்னுதானே வந்துச்சு'ன்னு கேட்டாங்க. ஜாஸ்மின் தேடினது கார்பன். கரின்னு உங்களுக்கு யாரும்மா சொன்னா?"

கோவிந்தம்மா முந்தானையை இறுக்கிப் பிடித்தாள். ஜாஸ்மின்தான் மெதுவாகச் சொன்னாள்: "நான்தான் சார். ஒருநாள் சாப்பிடறப்ப, இந்தச் சேறு கோடிக்கணக்கான வருஷம் புதைஞ்சு கிடந்தா நிலக்கரி ஆயிடும்னு சொன்னேன்."

"ஆமா, சொன்ன!" கோவிந்தம்மா வெடித்தாள். "கீழ கரி கீதுன்னா சொம்மா வுடுவானுங்களா? சொரங்கம் தோண்டுவானுங்க. கம்பெனி வர்றதுக்கு எங்கக்கா வூடு, நெலம் எல்லாம் எடுத்துக்கினானுங்க. இன்னிக்கி அவ ஒரு ஊர்ல, அவ புள்ளைங்க ஒரு ஊர்ல கெடக்குதுங்க. எங்க ஊரும் அப்புடிப் போவணுமா? அதான் எங்க கழனி மண்ண ரொப்பி வச்சேன். ஏரி பொழைக்கட்டும்னுதான் செஞ்சேன்."

சுகப்பிரியாவின் முகத்தில் இருந்த வேகம் அடங்கிப் போயிருந்தது.

ஜாஸ்மின் எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, அது கரி இல்ல. தோண்டி எடுத்தா ஒண்ணுத்துக்கும் ஆகாது. மண்ணுக்குள்ள இருக்கிற வரைக்கும்தான் அதுக்கு மதிப்பு. அது இருக்குன்னு காட்டினாத்தான் ஏரியைத் தொடாதீங்கன்னு நான் கேக்க முடியும்."

"இருந்தா... தோண்ட மாட்டாங்களா?"

"மூடவும் கூடாது, தோண்டவும் கூடாதுன்னுதான் நான் சண்டை போடறேன்."

கோவிந்தம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ பாவி, நான் யாரைக் கெடுத்தேன்!"

"பழைய குழாயெல்லாம் எங்கம்மா?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"ஏரி மண்ண எப்புடி சார் வீசறது? கீதே!" அவள் பின்னறைக்கு ஓடினாள். ஃப்ரீசரில் மீன் தட்டுகளைத் தூக்கி, ஐஸ்கட்டிகளை விலக்கி, அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை இழுத்தாள். குழாய்கள் மூடி பிரியாமல் உறைந்து கிடந்தன. ஒன்றைத் திறந்து பார்த்த ஜாஸ்மின் வாய்விட்டுச் சிரித்தாள். உள்ளே கன்னங்கரேலென்ற சேறு.

பகலவன் அன்று மாலையே சென்னைக்குக் கிளம்பினான். இம்முறை பெட்டியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஜாஸ்மின் புதிய முடிவுகளை வாசித்தாள்; குழாய்கள் மாறிய கதையையும் மறைக்காமல் சொன்னாள். அப்போது பின்வரிசையிலிருந்து கோவிந்தம்மா எழுந்தாள். "மாத்தினது நான்தான். இன்னா கேக்கணுமோ என்னியக் கேளுங்க," என்றாள். அதிகாரிகள் கேட்டார்கள், அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். மறுபடியும் மண் எடுத்து அவர்களே சோதிப்பது, அதுவரை சதுப்பில் ஒரு கூடை மண்கூட விழக்கூடாது என்று முடிவாயிற்று.

மறுநாள் சதுப்பின் ஓரத்தில் சுகப்பிரியா கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு நின்றிருந்தாள். அதிகாரிகளின் ஆட்களுக்கு ஜாஸ்மின் இடம் காட்டிக்கொண்டிருந்தாள். கரைமேல் மண் ஏற்றி வந்த டிப்பர் லாரி ஒன்று நின்றது. டிரைவர் யாரிடமோ போனில் பேசினார். பிறகு வண்டியைப் பின்னுக்கு எடுத்தார்.

"போறான் சார்!" என்று கத்தினாள் சுகப்பிரியா.

கோமதிநாயகம் குடையைச் சாய்த்துப் பார்த்தார். லாரி கொட்டாத மண்ணோடு மெயின் ரோட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.