சப்-லெப்டினென்ட் கோல்விக்கின் டைரி

காலை 7.10. செஞ்சியில், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஜெயராமனின் வீட்டுக் காட்சியறையில் கண்ணாடிப் பெட்டி உடைந்து கிடந்தது. ஹென்றி கோல்விக்கின் டைரியைக் காணோம்.

கோல்விக் விக்டோரியா காலத்துப் பிரிட்டிஷ் கடற்படையின் இளநிலை அதிகாரி. பதின்மூன்று வயதில் கப்பலேறியவர். மாலுமி ஒருவனைச் சவுக்கால் அடிக்க மறுத்து வேலையை இழந்து, செஞ்சிக்கு வந்து நிலம் அளந்து, இங்கேயே இறந்தவர். அவர் டைரியைக் கண்டெடுத்ததாகச் சொல்லித்தான் ஜெயராமன் பேர் வாங்கியிருந்தார். பதினொரு மணிக்கு அது அசல்தானா என்று சோதிக்கச் சென்னையிலிருந்து நிபுணர் வருவதாக இருந்தது.

“ரூம் சாவி இவகிட்ட இருக்குது. திருடி இவதான்” என்றார் ஜெயராமன், வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி. வீடு பெருக்கும் மீனம்பாள் பையோடு அசையாமல் நின்றாள்.

7.40. அங்கே வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் வெண்மதிக்கு இன்ஸ்பெக்டரின் போன்.

“அந்தப் பொம்பளைய ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வந்துடு.”

“விசாரிக்காம கூட்டிட்டு வர மாட்டேன் சார்.”

“இது ஆர்டர்.”

“தெரியுது சார்.” வெண்மதி போனை வைத்துவிட்டாள்.

“அக்கா, பையைப் பாக்கலாமா?” என்று மீனம்பாளிடம் கேட்டாள்.

“பாருங்க. அப்படியே அவரு பீரோவையும் பாருங்க. எனக்கு ஒரு சட்டம், அவருக்கு ஒண்ணா?”

பையில் டிபன் பாக்ஸ் மட்டுமே இருந்தது. உடைந்த பெட்டிக்குள் பித்தளைத் தொலைநோக்கி அப்படியே கிடந்தது. சுவரில் டைரியின் ஒரு பக்கம், பெரிதாக்கப்பட்ட படமாக: ‘1855, மார்ச் 4. இன்று சப்-லெப்டினென்ட் ஆனேன்.’ பக்கத்தில் லண்டனிலிருந்து வந்த, கோல்விக்கின் கடற்படைப் பணிப் பதிவின் நகல்: ‘1855, பதவி: மேட். 1861, இப்பதவி சப்-லெப்டினென்ட் எனப் பெயர் மாற்றப்பட்டது.’

வெண்மதி இரண்டையும் இரண்டு முறை படித்தாள்.

8.05.

“இந்த நகல் எப்போ வந்துச்சு சார்?” என்று ஜெயராமனைக் கேட்டாள் வெண்மதி.

“போன வாரம்.”

“இது அசல் பதிவுதானே?”

“சந்தேகமே வேணாம்.”

“அப்போ ஆறு வருஷம் கழிச்சு வரப்போற பேரை, 1855லயே கோல்விக் எப்படி எழுதினாரு?”

ஜெயராமன் சுவரைப் பார்த்தார்.

“டைரியை எழுதினது நீங்க. நிபுணர் பாத்தா குட்டு உடைஞ்சிடும். காணாமப் போனா உங்க பேரு நிக்கும். திருடன்னா தொலைநோக்கியை விட்டுட்டு நோட்டை மட்டும் எடுப்பானா? பீரோ சாவியைக் கொடுங்க சார்.”

வேட்டிகளுக்கு அடியில், துண்டில் சுற்றி இருந்தது டைரி.

“மீனம்பா, மன்னிச்சுடும்மா” என்றார் ஜெயராமன் மெல்ல. “உள்ளாற வா, பேசிக்கலாம்.”

“உள்ளாற இன்னாத்துக்கு?” என்றாள் மீனம்பாள். “திருடின்னு வாசல்ல நின்னுதான சொன்ன? அங்கயே வந்து சொல்லு.”

வெண்மதி விலகி அவருக்கு வழி விட்டாள்.