பதினேழு வயதுக்கு மேல் ஒருவர்

வீட்டில் பதினேழு வயதுக்கு மேற்பட்டவர் வேறு யாராவது குடியிருக்கிறார்களா என்ற விற்பனைப் படிவக் கேள்விக்கு, வீட்டை விற்கிற, தனிக்கட்டையான திருமதி சக்டன் எழுதியிருந்தாள்: ‘ஒருத்தர். மாடிப் பின்னறை.’

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் முப்பது வருஷமாக வீடு கைமாற்றித் தரும் வக்கீல் கிளெமென்ட் ஆக்டன் அதைக் கவனித்ததே சாவி கைமாற வேண்டிய வெள்ளிக்கிழமை காலையில்தான். அப்படியொருவர் இருந்தால் ‘காலி செய்கிறேன்’ என்று தாளில் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் வீட்டை விற்றாலும் ஆளைக் கிளப்ப முடியாது. போன் போட்டார்.

“அவர் பேனா தொட மாட்டார், கண்ணு,” என்றாள் கிழவி. “பதிலுக்கு ஆள் வராம கிளம்பவும் மாட்டார்.”

எண்பது வயதில் என்னதான் தோன்றாது! ஊருக்கெல்லாம் ‘படிக்காமல் கையெழுத்துப் போடாதே’ என்று உபதேசிக்கிற ஆக்டன், பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டு, கீழே தானே ஒரு கிறுக்கல் கிறுக்கிக் கோப்பை மூடினார்.

ஆனாலும் மனசு அரித்தது. வாங்குகிற ஜோடி வருவதற்குள் பார்த்துவிடலாமென்று, டிசம்பர் மாலை நாலு மணிக்கே இருட்டிவிட்ட, கிழவி காலி செய்துபோன அந்த வீட்டுக்குள், வாசல் கதவிலேயே சாவியை விட்டுவிட்டு நுழைந்தார். படங்கள் கழற்றிய சுவரில் வெளிர்ச் சதுரங்கள், நனைந்த கம்பளியும் பழைய கரிப்புகையும் கலந்த வாடை, ஓட்டின் மேல் ஓயாத மழை. ஒவ்வொரு படியும் அவர் காலெடுத்த பிறகே முனகியது, பின்னால் இன்னொருவர் ஏறுவதுபோல.

பின்னறையில் சுவரைப் பார்த்தபடி ஒரே ஒரு நாற்காலி. தொட்டார். சூடாக இருந்தது.

அவருக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளியே யாரோ, வெகுகாலம் உட்கார்ந்திருந்தவர்போல மூட்டு சொடுக்க, படியிறங்கினார்.

கைப்பிடி சுழன்றது. கதவு அசையவில்லை.

நாற்காலியில் ஒரு தாள். ஆபீஸ் கோப்பில் வைத்த அதே தாள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘கிளெமென்ட் ஆக்டன்’. ‘காலி செய்கிறேன்’ என்ற வரி மட்டும் கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தது. எல்லாம் அவருடைய கையெழுத்து.

கீழே சிரிப்புச் சத்தம். ஜோடி வந்துவிட்டது. கத்தினார். ஓங்கி ஓங்கித் தட்டினார்.

“சாவி கொடுத்துட்டுப் போனாரே, அந்த வக்கீலுக்கு எத்தனை வயசிருக்கும்?” என்றாள் பெண். “கை அப்படியே ஐஸ்.”

“விடு. மாடியில ஏதோ தட்டுது பாரு.”

“பழைய பைப்பு. அதுவா அடங்கிடும்.”

மறுபடி தட்டக் கை ஓங்கினார். கதவு இருந்த இடத்தில் பூப்போட்ட சுவர்க்காகிதம். கைப்பிடியில்லை. இடுக்கில்லை.

திரும்பினார். நாற்காலி, அவர் உட்கார வாகாக, இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.