ரூலனுக்குப் போன வண்டி

ரூலன் வண்டியை நேராகத்தான் நிறுத்தியிருந்தான். லவோனா காபிக் கோப்பையோடு கொட்டகைக்குத் திரும்பியபோது, அதன் முன்சக்கரங்கள் இரண்டும் அவள் வரும் வழியைப் பார்த்து முழுக்கத் திரும்பியிருந்தன.

"ஸ்டீயரிங்க நீயா திருப்புன?"

"நான் தொடவே இல்லயே." தம்பி வாசலில் நின்று சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தான். "கெழட்டு வண்டி. அதுக்கே கழுத்து வலிச்சிருக்கும்."

சிமெண்டுத் தரையில் நிற்கும் டயர் தானாகத் திரும்பாது. அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவள் மனம் அதில் நிற்கவில்லை. அந்தச் சாவியிலேயே நின்றது.

பக்கவாதத்தில் விழுந்த அப்பாவுக்கு ஊட்டிவிட்டதும் வாய் கழுவிவிட்டதும் அவள். அதற்கு முன்னே, இந்தக் கொட்டகையில் விளக்குப் பிடித்து, ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, கை முழுக்கக் கிரீஸோடு வளர்ந்ததும் அவள்தான். ஸால்ட் லேக் நகரத்தில் வீட்டுத் தரகனாக இருந்துகொண்டு, கிறிஸ்துமஸுக்கு மட்டும் முகம் காட்டியவன் ரூலன். அப்பாவின் வண்டி அவனுக்குப் போயிற்று. உயிலில் அவர் அப்படித்தான் எழுதிவைத்திருந்தார்.

"சனிக்கிழம பசங்களோட இந்த வண்டியிலதான் பாறை ஏறப் போறோம். முன் ஆக்சில் தாங்குமானு பாத்துச் சொல்லு, போதும்."

அவள் ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினாள். டயருக்கு அடியில் கம்பியைக் கொடுத்து நெம்பினாள், துளி ஆட்டமில்லை. இரு பக்கத்து ஆக்சில் குழாயையும் கையால் தடவிக்கொண்டே போனாள்; வளைவில்லை, விரிசலில்லை. ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் அப்பா வைத்த வெல்டிங் வரி, நேற்று வைத்ததுபோலக் கெட்டியாக இருந்தது. ஒவ்வொன்றும் நன்றாக இருக்க இருக்க அவள் வயிறு எரிந்தது.

"ஆக்சிலுக்கு உள்ள கியர்ல ஒரு பல்லு போயிருக்கு," என்றாள்.

"தொறக்காமயே எப்படித் தெரியுது?"

"சத்தத்துல தெரியும்டா. இதோட ஏறுனா பாதிப் பாறையில உன்னக் கவுத்துடும். இங்கயே விட்டுட்டுப் போ."

ரூலன் சிரித்துவிட்டான். "உன் பேச்சுக்கு மறுபேச்சு உண்டா? கெடக்கட்டும். நான் போய் ஹாம்பர்கர் வாங்கிட்டு வரேன். வெங்காயம் வேணாம்தான உனக்கு?"

அவன் கார் செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போன பிறகு, அவள் உளியையும் சுத்தியலையும் எடுத்துவைத்தாள். ஆக்சிலின் நடுவிலிருக்கும் கியர்க் கூட்டின் மூடியைத் திறந்து ஒரு பல்லை உடைத்துவிட்டால் சொன்ன பொய் மெய்யாகிவிடும்.

சாயங்கால வெயில் பலகை இடுக்குகளில் சிவப்பாக நுழைந்து தரையில் கோடு கோடாகக் கிடக்க, காற்று தகரக் கூரையை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை, யாரோ மேலே படுத்து உருளுவதுபோல, மெல்லத் தட்டிக்கொண்டே போயிற்று. வண்டியின் முன்னால் குந்தி அவள் போல்ட்டுகளைக் கழற்றினாள். மூடி விலகியதும் கியர் ஆயில் கந்தக நெடியோடு தட்டில் வழிந்தது. அந்த நெடிக்கு அடியில் இன்னொரு வாசனை. யூகலிப்டஸ் தைலம். அப்பாவின் மரத்துப்போன கையில் அவள் தினமும் தேய்த்த தைலம்.

காற்று நின்றது.

வலச்சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது.

அவள் அதைத் தொட்டே வெகுநேரமாகிவிட்டது. எழுந்து போய்ப் பிடித்து நிறுத்தினாள். ரப்பர் வெதுவெதுப்பாக இருந்தது. சக்கரத்துக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். சுவர். சுவரில் மாட்டிய பழைய டயர். வேறொன்றுமில்லை.

திரும்பி வந்தபோது தட்டில் ஏதோ 'டிங்' என்று விழுந்தது.

எண்ணெய்க்குள் விரல் விட்டு எடுத்தாள். பல். இரும்புப் பல் அல்ல. தங்க உறை போட்ட கடைவாய்ப் பல். அதைத் துணி சுற்றிய விரலால் எத்தனையோ காலைகளில் துடைத்திருக்கிறாள். போன இலையுதிர் காலத்தில் அப்பாவின் வாயைத் துடைத்துத்தான் அவரை மண்ணுக்குள் அனுப்பினாள்.

பல் தட்டில் மறுபடி விழுந்தது. அவள் அப்போதே ஓடியிருக்க வேண்டும். ஆனால் பார்வை திறந்த கூட்டுக்குள் போயிற்று. உள்ளே பெரிய பல்சக்கரத்தில், பளபளக்கும் வரிசையின் நடுவே ஓரிடம் கறுப்பாகத் தெரிந்தது. அவள் இன்னும் உளியை அதில் வைக்கவே இல்லை.

நிழலா, இடைவெளியா?

கையை விட்டுத் தடவினாள். இடைவெளிதான். அதன் ஓரம் ஈரமாக, மெத்தென்று இருந்தது. ஈறுபோல.

வலச்சக்கரம் அசைந்தது.

கியர் விரல்களைக் கவ்விற்று.

"ரூலன்!" என்று கத்தினாள். சாலையில் கார் சத்தமே இல்லை. கையை இழுத்தாள். வரவில்லை. இழுக்க இழுக்கப் பல்சக்கரம் இன்னும் கொஞ்சம் உள்ளே வாங்கியது. நிதானமாக. அவசரமே இல்லாமல்.

தலையைத் திருப்பினாள்.

வலச்சக்கரத்தின் மேல்விளிம்பில், அந்தப் பக்கத்திலிருந்து வந்து பற்றியிருந்தன நான்கு விரல்கள். நகக்கண்ணில் செம்மண். ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பவர்போல அவை டயரை ஒருமுறை முன்னால் தள்ளின. ஒருமுறை பின்னால் இழுத்தன.

பிறகு இன்னொரு கையும் மேலே வந்தது. இரண்டும் டயரை இறுகப் பிடித்து, சுழற்றத் தொடங்கின.