ஜன்னலோர ஆயா

சம்பவத்தின்போது அறையில் இருந்தவர்கள்: கதவுக்கு நேரே மேசையில் டீச்சர். பாயின் இந்தக் கோடியில் வாலு, அடுத்து ரெட்டைச்சடை, அவளை ஒட்டிக் குண்டு. வெந்நீர்க் கெட்டில் இருந்த முக்காலிக்குப் பக்கத்தில் சின்னவன். கெட்டில் கவிழ்ந்து வெந்துபோய், இப்போது தோள்வரை கட்டுப்போட்டு மருத்துவமனையில் கிடப்பவன். ஜன்னலோரம்...

பாலர் பள்ளியின் தலைமை அலுவலகத்துக்கான கடிதத்தில் அந்த இடத்தில் டீச்சரின் பேனா நின்றது.

அன்று ஆயாவை உச்சிவேளையிலேயே வீட்டுக்கு அனுப்பியது டீச்சர்தான். கெட்டிலை முக்காலியில் வைத்ததும் டீச்சரேதான். தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் மறுநாள் பிள்ளைகளிடம் ஆயா இருந்தாளா என்று அவள் கேட்கவில்லை. "கெட்டிலை வைக்கிறப்போ ஆயா எந்தப் பக்கம் நின்னாங்க?" என்று கேட்டாள்.

முதலில் மூவரும் விழித்தார்கள். இரண்டாம் நாள் ரெட்டைச்சடை ஜன்னலைக் காட்டினாள். மூன்றாம் நாள் டீச்சர் கேட்கவேயில்லை. பினாயில் வாடையும் புளித்த பால் வாடையும் புழுக்கத்தில் கலந்து கிடந்த மத்தியானத்தில், திரைச்சீலை மெல்ல உப்பி அடங்குவதையே பார்த்துக்கொண்டிருந்த வாலு தானாகச் சொன்னான்.

"ஆயா புடவையெல்லாம் ஈரம், மிஸ்."

"சிரிச்சிட்டே நின்னாங்க," என்றாள் ரெட்டைச்சடை.

இது எதையும் டீச்சர் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்று, எழுதிக்கொண்டிருக்கும்போதே, ஆயா வந்து வாசற்படியில் நின்றாள்.

"சின்னவனோட அப்பா என் மேல போலீசுக்குப் போறாராம். அன்னைக்கு என்னை வீட்டுக்குப் போகச் சொன்னதே நீங்கதானே டீச்சர்? நான் போனப்புறம் என் நெழலை மட்டும் இங்க விட்டுட்டா போனேன்? டேய் வாலு, சொல்லுடா. ஆயாடா."

வாலு திரும்பவில்லை. மூன்று தலைகளும் ஜன்னல் பக்கமே இருந்தன.

"இது வேற ஆயா," என்றான் குண்டு. "நம்ம ஆயா அங்க நிக்கிறாங்க."

ஆயா வாயைப் பொத்திக்கொண்டாள். படியிறங்கிய செருப்புச் சத்தம் தேய்ந்தது. பிறகு ஒன்றுமில்லை. திரைச்சீலைகூட அசையவில்லை.

ஒரு சொட்டு. ஜன்னலடித் தரையில். இன்னொன்று.

டீச்சர் தலையைத் தூக்கவில்லை. 'ஜன்னலோரம் ஆயா' என்று எழுதி முடித்தாள். மடித்தாள். உறையில் பசை தடவி அழுத்தினாள். வெளியே காத்திருந்த பியூனிடம் கதவிடுக்கு வழியாக நீட்டினாள்.

"இன்னைக்கே சேரணுமா, டீச்சர்?"

"ம்."

சைக்கிள் தெருமுனை திரும்பியது.

பாயில் மூன்று பிள்ளைகளும் ஒருசேரக் காலை மடக்கி ஒதுங்கினார்கள். ஜன்னலிலிருந்து ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு வழி.

டீச்சரும் தன் நாற்காலியை நகர்த்திக்கொண்டாள்.